கிரீ எழுத்தில் அந்தச் சின்னப் பெருக்கல் குறி: எந்த எண்?

வாசகர் கேள்வி:
"கனடாவின் பழங்குடி மொழியான கிரீயில் ஒரு கோப்பு கைக்கு வந்திருக்கிறது. பல சொற்களின் கடைசியில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி நிற்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒரு சொல்லைத் தேடினால் பாதி இடங்கள்தான் கிடைக்கின்றன. எழுத்துருவில் கோளாறா, என் கண்ணில் கோளாறா?"

2023 பிப்ரவரி 11

எழுத்துருவும் சரி, கண்ணும் சரி. எண்தான் வேறு வேறு. கிரீயின் ஒரு கிளைமொழியான சமவெளிக் கிரீயில் சொல்லின் இறுதியில் வரும் 'ஹ்க்' ஒலிக்கென்று தனியாக ஒரு சிற்றெழுத்து உண்டு. இரண்டு கோடுகளைக் குறுக்கே போட்டால் அதுதான். கணினிக்காக ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் அதன் எண் 157டி (கடைசி 'டி' ஆங்கில எழுத்து, அங்கே அதுவும் ஓர் இலக்கம்). கிரீயின் முற்றுப்புள்ளியும் ஏறக்குறைய அதே உருவம், எண் 166ஈ. தட்டச்சு செய்தவர் ஒன்றுக்குப் பதில் மற்றதை அடித்திருப்பார். 166ஈ அனைத்தையும் 157டி ஆக மாற்றிவிடுங்கள், வேலை முடிந்தது.

அதே நாள், இரவு

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சோறு தின்றுகொண்டே எழுதியது. அப்படி மாற்றினால் கோப்பில் உள்ள உண்மையான முற்றுப்புள்ளிகள் எல்லாம் எழுத்தாகி, ஒவ்வொரு வாக்கியமும் 'ஹ்க்' என்று விக்கலெடுத்து முடியும்.

2023 பிப்ரவரி 14

நிதானமாக எழுதுகிறேன். இருப்பது கனடாவின் சாஸ்கடூனில். பக்கம் வடிவமைப்பது தொழில். ஊரின் பெயரே இங்கே விளையும் ஒரு சிறுபழத்துக்குக் கிரீக்காரர்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது. இருந்தும் இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் வரை அவர்கள் எழுத்தை நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு பள்ளிக்காக நாற்பது பக்கக் கையேடு ஒன்றை வடிவமைக்கும் வேலை வந்தது. மூன்று பேர் மூன்று கணினிகளில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். சரிபார்த்தவர் கிரீ மொழி கற்பிக்கும் ஆசிரியை, அறுபது வயதைத் தாண்டியவர்.

'ஓதேனாஹ்க்' என்று ஒரு சொல். 'ஊரில்' என்று பொருள். அந்த 'ஹ்க்' நம் 'இல்' செய்யும் வேலையைத்தான் செய்கிறது, இட வேற்றுமை உருபு. 'வாஸ்கஹிகன்' வீடு என்றால் 'வாஸ்கஹிகனிஹ்க்' வீட்டில். ஆகவே ஊர், வீடு, ஏரி, காடு என்று எதைப் பற்றி எழுதினாலும் பக்கத்துக்குப் பத்துத் தடவையாவது இந்தப் பெருக்கல் குறி வந்து நிற்கும். ஆசிரியை 'ஓதேனாஹ்க்' என்பதை எல்லா இடத்திலும் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். தேடினேன். 11 இடம் கிடைத்தது. அவர் காகிதத்தில் விரல் வைத்து எண்ணினார், 19.

மீதி 8 இடங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து எண் பார்த்தேன். முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. ஏழு இடங்களில் இருந்தது 1541. எட்டாவதில் வெறும் ஆங்கில எக்ஸ்.

ஆக, 11ஆம் தேதி நான் சந்தேகப்பட்ட ஆளே தவறு. பெரும்பாலும் குற்றவாளி 1541தான். அதன் அதிகாரப்பூர்வப் பெயர் 'சாயிசி யி'. சாயிசி தெனே மக்கள் 'யி' என்ற ஒலிக்கு வைத்திருக்கும் எழுத்து அது. கிரீக்கும் அதற்கும் மொழிக்குடும்பமே வேறு. உருவம் மட்டும் அச்சாக ஒன்று.

2023 பிப்ரவரி 15

அந்த ஆங்கில எக்ஸ் எப்படி மாட்டிக்கொண்டது என்று ஒருவர் கேட்கிறார். இரண்டு வழி. ஒன்று, பக்கத்தை நானூறு சதவிகிதம் பெரிதாக்கினால் கிரீயின் குறியில் இரண்டு கோடும் ஒரே தடிமன். ஆங்கில எக்ஸில் ஒரு கால் தடித்து மறுகால் மெலிந்து, நான்கு முனையிலும் குட்டிக் குட்டிப் பாதங்கள். இரண்டாவது வழி என் புத்திசாலித்தனத்தால் வந்ததல்ல. தலைப்புகளுக்கு 'எல்லாம் பெரிய எழுத்து' என்று ஒரு பாணி வைத்திருந்தேன். கிரீ எழுத்துகளில் பெரியது சிறியது என்ற பேதமே இல்லை, அவை அசையவில்லை. எக்ஸ் மட்டும் பொங்கி எழுந்து நின்றது.

2023 பிப்ரவரி 19

கணக்குக்காக எல்லாவற்றையும் ஓரிடத்தில் சொல்லிவிடுகிறேன். ஒரே முகத்தோடு கனடிய எழுத்துத் தொகுதிக்குள்ளேயே நால்வர்: 1541 சாயிசி யி, 157டி கிரீயின் ஹ்க், 166டி கிறிஸ்துவின் பெயரைச் சுருக்கி எழுதும் குறி, கிரேக்க எழுத்தைப் பார்த்து வந்தது, 166ஈ முற்றுப்புள்ளி. வெளியிலிருந்து உள்ளே நுழையும் விருந்தாளிகள் ஆங்கில எக்ஸும் நிஜப் பெருக்கல் குறியும்.

முற்றுப்புள்ளிக்கு ஏன் புள்ளி வைக்கவில்லை என்று கேட்டவருக்கு: கிரீ எழுத்தில் புள்ளிக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. எழுத்தின் மேல் வைத்தால் நெடில். பக்கத்தில் வைத்தால் நடுவே 'வ்' ஒலி. வாக்கியத்தை முடிக்கவும் அதையே கூப்பிட்டால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

எழுத்து முறையின் அழகைச் சொல்லாமல் குறையை மட்டும் சொல்வது பாவம். மெய்க்கு ஓர் உருவம், உயிருக்கு ஒரு திசை. வெறும் முக்கோணம் மேலே பார்த்தால் இ, கீழே பார்த்தால் ஏ, வலப்பக்கம் பார்த்தால் ஓ, இடப்பக்கம் பார்த்தால் அ. 'ப' வரிசைக்கு ஒரு பக்கம் திறந்த முக்கோணம், 'த' வரிசைக்குக் கிண்ணம் போல் ஒரு வளைவு, அவையும் அப்படியே திரும்பும். நம் எழுத்தில் கொம்பும் காலும் கொக்கியும் செய்யும் வேலையை இங்கே கழுத்தைத் திருப்பியே முடித்துவிடுகிறார்கள். தனி மெய்க்கு மட்டும் மேலே குட்டியாக ஒரு கோடு, அரைவட்டம், வளையம், அல்லது நம் பெருக்கல் குறி. ஆசிரியை எனக்கு இதை மேசையில் ஒரு பிஸ்கெட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். பதினைந்து நிமிடம். தமிழின் 247ஐ எனக்குப் பதினைந்து நிமிடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

1840இல் இன்றைய மனிடோபா மாகாணத்தின் நார்வே ஹவுஸில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் இதை அச்சேற்றினார். தேயிலைப் பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கி அச்செழுத்து வார்த்தார், புகைக்கரியில் மை செய்தார். அவருக்குத் தேவநாகரியும் பிட்மனின் சுருக்கெழுத்தும் வழிகாட்டின என்பார்கள். கிரீ மூத்தோர் சொல்வது வேறு: மிஸ்தனாகோவேவ் என்ற பெரியவர் இறந்து, ஆவிகளின் உலகிலிருந்து பூர்ஜ மரப்பட்டையில் எழுதிய எழுத்துகளோடு திரும்பி வந்தார். ஆசிரியையிடம் இரண்டில் எது என்று கேட்டேன். "தேயிலைப் பெட்டி யாருடையது என்பது தெரிகிறது, எழுத்து யாருடையது என்பதில்தான் சண்டை" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

2023 பிப்ரவரி 26

"ஒரே உருவத்துக்கு எதற்கு நான்கு எண், ஒன்றே போதாதா?" என்று இருவர் கொதித்திருக்கிறார்கள். நானும் முதலில் கொதித்தேன். யூனிகோடு 3.0இல், 1999இல், இந்தத் தொகுதி 630 எழுத்துகளோடு வந்தபோது வைத்த பெயரே 'ஒருங்கிணைந்த கனடியப் பழங்குடி அசையெழுத்து'. ஒருங்கிணைத்தது எங்கே என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் பல இடங்களில் ஒருங்கிணைத்திருக்கிறார்கள். சிற்றெழுத்துகள் சிலவற்றின் பெயரைப் பாருங்கள்: 'இறுதி மேல் அரைவளையம்', 'இறுதி வளையம்', 'இறுதிக் கூட்டல்'. ஒலியைச் சொல்லாமல் உருவத்தைச் சொல்கிறார்கள், ஏனென்றால் ஒரே அரைவளையம் வெவ்வேறு சமூகத்தில் வெவ்வேறு ஒலி. பெருக்கல் குறி விஷயத்தில் மட்டும் வேலையைப் பார்த்துப் பிரித்துவிட்டார்கள். 'ஹ்க்'குக் கிடைத்த இருக்கையும் விசித்திரம்: வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்களின் 'ஹ' வரிசை முடிகிற இடத்தில், அவர்களின் நுனவுட் நிலப்பகுதியின் 'ஹ்' எழுத்துக்கு அடுத்த நாற்காலி. கிரீயின் மற்ற சிற்றெழுத்துகள் பல 1420களில் ஊர்க்கூட்டம் போட்டு உட்கார்ந்திருக்க, இது மட்டும் தள்ளி.

நம் வீட்டிலும் இதே கதைதான். 'க'வும் தமிழ் எண் '௧'உம் பார்வைக்கு ஒன்று. 'உ'வும் '௨'உம், 'எ'வும் '௭'உம், 'அ'வும் '௮'உம் அப்படியே. பஞ்சாங்கம் தட்டச்சு செய்பவர் எட்டுக்குப் பதில் அகரத்தை அடித்துவிட்டுப் போய்விடுவார், யாருக்கும் தெரியாது, வரிசைப்படுத்தும் வரை. அதற்காக இரண்டையும் ஒன்றாக்கு என்று நாம் கேட்பதில்லை. ஒன்று எழுத்து, மற்றது இலக்கம். அதேபோல் எழுத்தும் முற்றுப்புள்ளியும் ஒன்றாக இருக்கவே முடியாது: சொல்லை இருமுறை சொடுக்கினால் எழுத்து சொல்லோடு சேர்ந்து வர வேண்டும், முற்றுப்புள்ளி வெளியே நிற்க வேண்டும்.

1541ஐயும் 157டியையும் பிரித்ததில் மட்டும் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. இரண்டும் எழுத்து. கணினி இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறது, தேடும்போதும் வரிசைப்படுத்தும்போதும் தவிர. நமக்குத் தேவைப்படுவது அவை இரண்டும்தான்.

2023 மார்ச் 5

ஒரு வாக்குமூலம். 14ஆம் தேதிக் குறிப்பில் இதை விட்டுவிட்டேன், வெட்கத்தால்.

'...வீட்டில்.' என்று ஒரு வாக்கியம் முடிந்தால் கிரீயில் கடைசியில் இரண்டு பெருக்கல் குறிகள் அடுத்தடுத்து வரும். முதலாவது 'இல்', இரண்டாவது முற்றுப்புள்ளி. முதல் நாளே கையேட்டில் இப்படி மூன்று இடம் கண்ணில் பட்டது. இரட்டைத் தட்டச்சு என்று நினைத்து, யாரிடமும் கேட்காமல், மூன்றிலும் ஒன்றை அழித்தேன். அழித்தது முதலாவதை. 'வீட்டில்.' என்பது 'வீட்டி.' ஆனது. அந்த மூன்று வாக்கியங்களோடு 200 படிகள் அச்சாகி முடிந்தன.

ஆசிரியை கோபிக்கவில்லை. படியை எடுத்து, பேனாவால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருத்தினார். அடுத்த படி. அடுத்த படி. நான் எதிரே உட்கார்ந்து மீதியைத் திருத்தினேன். 600 குறி. அன்றைக்குப் பிறகு எந்த எழுத்துருவிலும் அந்தக் குறி எந்த உயரத்தில் நிற்கிறது என்று என்னால் கண்ணை மூடிச் சொல்ல முடியும்: எழுத்து சற்று மேலே தொங்கும், முற்றுப்புள்ளி கோட்டின் மேல் உட்காரும்.

2023 மார்ச் 6

எல்லா எழுத்துருவிலும் அப்படி இல்லை. விண்டோஸோடு வந்த யூஃபீமியாவையும் நோட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உயரம் சற்று முன்பின்னாகத்தான் இருக்கிறது. கண்ணை மூடி எல்லாம் சொல்ல முடியாது. திறந்தே பாருங்கள்.

2023 மார்ச் 20

பெருக்கல் குறியைத் திருத்திவிட்டுத் தேடினால் இன்னும் சில சொற்கள் அகப்படவில்லை. இந்தத் தடவை புள்ளி.

மேற்குக் கிரீயில் 'வ' என்றால் இடப்பக்கம் பார்க்கும் முக்கோணத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி. கிழக்கே அதே புள்ளியை முன்னால் வைப்பார்கள். யூனிகோடு இரண்டுக்கும் தனித்தனியே முழு எழுத்து கொடுத்திருக்கிறது: 1417 'வ', 1418 'மேற்குக் கிரீ வ'. அது நல்லதுதான். ஆனால் தனிப் புள்ளிக்கும் ஓர் எண் உண்டு, 1427. ஆகவே வெறும் முக்கோணத்தை அடித்துப் பிறகு புள்ளியை அடித்தாலும் கண்ணுக்கு அதே 'வ' கிடைக்கும்.

மொழியின் பெயரையே எடுத்துக்கொள்வோம், நேஹியவேவின். ஒருவர் அடித்தால் ஏழு எண்கள்: நே, ஹ், இ, ய, வே, வி, ன். இன்னொருவர் அடித்தால் ஒன்பது: 'வே'யும் 'வி'யும் முக்கோணம், புள்ளி, முக்கோணம், புள்ளி என்று உடைந்து போகும். அச்சில் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. தன் மொழியின் பெயரைத் தன் மொழியில் தேடிக் கிடைக்காமல் போவது என்ன மாதிரியான அனுபவம் என்று ஆசிரியையிடம் நான் கேட்கவில்லை.

தமிழில் 'கொ'வைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தும் எழுதலாம், சேர்ந்த குறியாலும் எழுதலாம், இதுவும் அப்படித்தானே என்று ஒருவர். அப்படி இல்லை. 'கொ'வின் இரண்டு வடிவமும் ஒன்றுதான் என்று யூனிகோடே விதி எழுதி வைத்திருக்கிறது. சீர்மைப்படுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். கிரீ எழுத்துகளுக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது. நான் சீர்மைப்படுத்தும் நிரலை இரண்டு தடவை ஓட்டிவிட்டு, ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று அரை நாள் விழித்தேன். நிரல் சரியாகத்தான் இருந்தது. சேர்த்துவைக்க அங்கே உறவே பதிவாகவில்லை.

2023 ஏப்ரல் 2

1541ஐத் திட்டித் திட்டி எழுதியதில் ஓர் உறுத்தல். அந்த எழுத்தின் சொந்தக்காரர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சாயிசி தெனே மக்கள் மனிடோபாவின் வடகோடியில், கரிபு மான்களைப் பின்தொடர்ந்து வாழ்ந்தவர்கள். 1956இல் அரசு அவர்களை விமானத்தில் ஏற்றி ஹட்சன் விரிகுடாக் கரையில் சர்ச்சில் ஊர் ஓரத்தில் கொண்டுபோய் இறக்கியது. வேட்டையும் இல்லை, வீடும் சரியில்லை. ஏராளமானோர் செத்தார்கள். 1973இல் மிஞ்சியவர்கள் தாமாகவே கிளம்பி டடூல் ஏரிக்குப் போய்க் குடியேறினார்கள். சிறிய சமூகம். அவர்கள் எழுத்து தவறுதலாக அவர்கள் எழுதாத கிரீக் கோப்புகளில் போய் உட்கார்ந்திருக்கிறது. 'குற்றவாளி' என்று நான் எழுதியது அந்த எண்ணைத்தான் என்றாலும், அந்தச் சொல்லை எடுத்துவிடலாம் போலிருக்கிறது. எடுக்கவில்லை. எடுத்தால் மேலே உள்ள குறிப்பு புரியாது.

2023 ஏப்ரல் 3

தொகுதியில் விடுபட்ட எழுத்துகளைப் பிறகு சேர்த்தார்களா என்று கேட்டவருக்கு: ஆம், சேர்ந்திருக்கின்றன. 2009இல் 70 எழுத்தோடு ஒரு நீட்சித் தொகுதி வந்தது. 2021இல் நட்டிலிக் இனுயிட் மக்களுக்கான எழுத்துகள் சேர்ந்தன. அதுவரை தங்கள் மொழியை முழுசாகக் கணினியில் எழுத முடியாமல் இருந்தவர்கள் அவர்கள். ஆனால் ஒரு தடவை கொடுத்த எண்ணையும் பெயரையும் யூனிகோடு திரும்பப் பெறாது. நம் நால்வரும் இப்படியே இருப்பார்கள்.

2023 மே 9

கையேட்டின் இரண்டாம் பதிப்பு. இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வோம் என்று ஒரு சிறு நிரல் எழுதினேன். சொல்லின் கடைசியில் 1541 வந்தால் 157டி. சொல்லின் கடைசியில் ஆங்கில எக்ஸ் வந்தாலும் 157டி. தனியாக நிற்கும் எக்ஸுக்கும் அதே கதி. முற்றுப்புள்ளியைத் தொடாதே. ஒரு நொடியில் ஓடி முடிந்தது. 'ஓதேனாஹ்க்' 19க்கு 19. எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

டீயோடு மெய்ப்பைப் புரட்டும்போது பின்னிணைப்பு. இந்த நிலப்பகுதிக்காகப் பழங்குடித் தலைவர்கள் பிரிட்டிஷ் முடியோடு செய்துகொண்ட ஆறாம் உடன்படிக்கை, 1876இல் ஃபோர்ட் கார்ல்டனில் கையெழுத்தானது. கையேட்டில் அதன் ஆங்கில மூலத்தின் கடைசிப் பக்கத்தைச் சேர்த்திருந்தார்கள். தலைப்பில் 'ட்ரீட்டி சிக்ஸ்' என்பதன் கடைசி எழுத்து கிரீ 'ஹ்க்' ஆகியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். கீழே மிஸ்தவாசிஸ், அதாஹ்ககூப் முதலான தலைவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'இவரது எக்ஸ் குறி' என்று ஆங்கிலத்தில் இருக்கும். பேனாவால் அவர்கள் இட்டதாகச் சொல்லப்படும் கைச்சாத்து. அந்த எக்ஸ் ஒன்று விடாமல் 'ஹ்க்' ஆகியிருந்தது.

ஆசிரியையை அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இப்போது என்ன சொல்கிறது? இவரது 'இல்' குறியா?" என்றார். ஆமாம் என்றேன். "எதில் என்று அவர்களும் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

நிரலை வைத்துத் திருப்பவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து, ஒவ்வொரு பெயராக வாசித்து, ஒவ்வொரு குறியாகக் கையால் மாற்றினேன்.

2023 மே 10

முதலில் கேட்டவருக்கு, மூன்று மாதம் கழித்து: உங்கள் கோப்பில் 1541ஐத் தேடுங்கள். கிரீப் பகுதியில் மட்டும் மாற்றுங்கள். ஆங்கிலப் பக்கம் ஏதாவது இருந்தால் முதலில் அதைத் தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிடுங்கள்.